காலையில் சரி, மாலையில் தப்பு

எங்கள் லாபரட்டரியில் புதிதாகச் சேருகிறவர்கள் வந்த அன்றைக்கே கருவி அலமாரியைத் திறந்து பார்க்கிறார்கள். பித்தளைப் பளபளப்பு, ஜெர்மனியில் செய்த கடிகாரம், விநாடியைத் துண்டு துண்டாக நறுக்கிக் காட்டுகிற முள். பார்க்கட்டும், தப்பில்லை. நானும் ஒரு காலத்தில் வாயைப் பிளந்துகொண்டு அப்படித்தான் நின்றேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் பவானிபூரிலிருந்து டிராம் ஏறி வந்து உங்கள் மேஜையை எட்டிப் பார்த்துத் தொந்தரவு கொடுக்கிற கிழவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். எல்லாச் சோதனையிலும் அலமாரியில் இல்லாத ஒரு கருவியும் வேலை செய்கிறது. அதை யாரும் துடைப்பதில்லை, பழுதா என்று பார்ப்பதில்லை. சோதனை செய்கிற ஆசாமியைத்தான் சொல்கிறேன்.

போன வாரம் உங்களில் ஒருவர் ஓடி வந்து, "சார், நம்பர் எல்லாம் ரொம்ப அழகா வந்திருக்கு" என்றார். நம்பர் அழகாக வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது, பாவம். ஏன் சந்தேகம் என்று நின்று சொல்ல அன்றைக்கு எனக்கு மூச்சு இல்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெரிய யுத்தம் முடிந்த சமயம் அது. ஊரெல்லாம் ஒரு விஷக் காய்ச்சல் வந்து ஆட்களை வாரிக்கொண்டு போய் ஓய்ந்திருந்தது. எங்கள் கூடம் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ஆத்மா, சித்தம் என்று பாடம் நடக்கும் தத்துவ வகுப்புக்குப் பக்கத்து அறையில், கொஞ்சம் எடைக்கற்கள், ஒரு இருட்டறை, சில கருவிகள் இவற்றை வைத்துக்கொண்டு மனசை அளக்கப்போகிறோம் என்று உட்கார்ந்திருந்தோம். கல்கத்தாவில் பாதிப் பேர் எங்களைக் கைரேகைக்காரர்கள் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் பைத்தியத்துக்கு மருந்து கேட்டு வந்தார்கள்.

மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒருவரின் பிள்ளை. இன்னொருவன் தாரக், வட கல்கத்தாப் பையன், என் வயசு. எங்களுக்குள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி வங்காளம். இங்கே எல்லாவற்றையும் தமிழாக்கித் தருகிறேன். புரொபஸர் வெயிலுக்குப் பயந்து லீவு போட்டுவிட்டு டார்ஜிலிங் போய்விட்டார். போகும்போது, "புதிதாக எதையும் தொட்டுவிடாதீர்கள்" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவர் ரயில் ஏறி நாலு நாள்கூட ஆகியிருக்காது, புதிது எங்கள் வாசலில் வந்து நின்றது.

வந்தவர் ஒரு தேயிலைக் கம்பெனியின் முதலாளி. வங்காளி பாபு. வடக்கே தோட்டங்களிலிருந்து தேயிலையை வாங்கிக் கலந்து பெட்டி போட்டு ரங்கூன், மதராஸ் என்று அனுப்புகிறவர். கூடவே ஒரு ஆளை அழைத்து வந்திருந்தார். தலைப்பாகை, மூடிய கழுத்துக் கோட்டு, காய்ச்சலில் அடிபட்ட உடம்பு. அவர் என்னைப் பார்த்ததும், "சாமி தமிழுங்களா?" என்று கேட்டார். முத்துசாமி என்று பெயர். கோயமுத்தூர்க்காரர். நீலகிரித் தோட்டத்தில் தேயிலை ருசி பார்க்கக் கற்றுக்கொண்டு, அந்தத் திறமை ஒன்றை வைத்தே மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இத்தனை தூரம் வந்தவர்.

தேயிலை ருசி பார்ப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான மேஜையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். கரண்டியால் எடுத்து 'சர்'ரென்று சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் புரட்டி, துப்பிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த வார்த்தையை நம்பித்தான் பெட்டி கப்பல் ஏறும். வார்த்தையில் கொஞ்சம் நாக்கின் வேலை, பாதிக்கு மேல் மூக்கின் வேலை.

முதலாளி சுற்றி வளைக்காமல் பேசினார். முத்துசாமி சரியென்று சொன்ன ஒரு சரக்கு ரங்கூன் போய்த் திரும்பி வந்துவிட்டது. தோட்டத்திலிருந்து வரும் வழியில் எங்கோ மண்ணெண்ணெய் பக்கத்தில் இருந்திருக்கிறது. தேயிலை எல்லா வாடையையும் இழுத்துக்கொள்ளும். கல்கத்தாவைவிட்டுக் கிளம்பும் முன்பே அந்த வாடை ஏறியிருந்தது. முத்துசாமி அதைக் கண்டுபிடிக்கவில்லை.

"இவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இவர் மூக்கு மேல்தான் சந்தேகம்" என்றார். "காய்ச்சலுக்குப் பிறகுதான் இது நடந்திருக்கிறது. நீங்கள் புலன்களை அளக்கிறவர்கள் என்று பத்திரிகையில் படித்தேன். அளந்து சொல்லுங்கள். மூக்கு இருந்தால் இவர் என்னோடு இருப்பார். இல்லையென்றால் வைத்துக்கொள்ள முடியாது. அதை இவரிடமும் சொல்லிவிட்டேன்."

முத்துசாமி தலையை மட்டும் ஆட்டினார்.

எங்களுக்குத் திகைப்பாகிவிட்டது. அதுவரை நாங்கள் அளந்தவர்கள் எல்லாம் எங்கள் மாணவர்கள். தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இப்போது முதல் தடவையாக எங்கள் மேஜைக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு வந்து உட்கார்ந்திருந்தது. பயமும் இருந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, பயத்தைவிட ஆவல்தான் அதிகம் இருந்தது.

சோதனையை எளிமையாக அமைத்தோம். ஒரே தேயிலை, இரண்டு கொதிகெண்டி. ஒன்றில் நல்ல சரக்கு, இன்னொன்றில் ரங்கூனிலிருந்து திரும்பிய சரக்கு. நிறம் ஒன்று, நாக்குக்கும் ஒன்றுதான், வாடை மட்டும் வேறு. ஒவ்வொரு தடவையும் இரண்டு கோப்பை வைப்போம். எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதைக் காசு சுண்டித் தீர்மானிப்போம். முத்துசாமி உறிஞ்சிப் பார்த்து, கெட்டது எது என்று கை காட்டவேண்டும். மூக்கே இல்லாதவனும் குருட்டாம்போக்கில் பாதியைச் சரியாகச் சொல்லிவிடுவான். அதைவிட எவ்வளவு மேலே போகிறார் என்பதுதான் கேள்வி. எனக்குக் காலையில் வகுப்பு இருந்ததால் காலைச் சோதனை தாரக் பொறுப்பு, மாலைச் சோதனை என் பொறுப்பு.

முதல் நாள் காலையில் அநேகமாக எல்லாம் சரி. தாரக் துள்ளிக்கொண்டு வந்தான். "ஐயர் மோஷாய், இந்த மனுஷனுக்கு மூக்கு இல்லையென்றால் எனக்கும் இல்லை" என்றான். மோஷாய் என்றால் வங்காளத்தில் ஐயா. நானும் மகிழ்ச்சியோடு மாலையில் உட்கார்ந்தேன். பாதி சரி, பாதி தப்பு. ஆளையே கூப்பிடாமல் நான் காசு சுண்டிப் பதில் எழுதியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும் இதேதான். காலையில் சரி, மாலையில் தப்பு.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதிவிடலாமா என்று கேட்டேன். தாரக் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"காலையில் மூக்கு இருக்கிறது, மாலையில் இல்லை. கூட்டி வகுத்தால் அரை மூக்கு வரும். அரை மூக்கோடு யாராவது தெருவில் நடந்து பார்த்திருக்கிறாயா?"

சரிதான் என்று காரணம் தேடத் தொடங்கினோம். மாலையில் ஆள் களைத்திருக்கலாம். மதியச் சாப்பாட்டு மசாலா நாக்கில் தங்கியிருக்கலாம். வெயிலில் தொட்டித் தண்ணீர் கெட்டிருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றினோம். ஒன்றை மாற்றும்போது மற்றதைத் தொடவில்லை, இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். மதியம் மோர்சாதம் மட்டும் சாப்பிடச் சொன்னோம். காலைத் தண்ணீரைப் பானையில் பிடித்து மாலைக்கு வைத்தோம். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் வகுப்பை மாற்றிக்கொண்டு நான் காலையிலும் தாரக் மாலையிலும் உட்கார்ந்தோம். அன்றைக்குக் காலையில் தப்பு, மாலையில் சரி. பொழுதுக்கும் முத்துசாமியின் மூக்குக்கும் சம்பந்தமே இல்லை. தாரக் எங்கே உட்கார்ந்தானோ அங்கே மூக்கு வந்தது.

"நீ ஏதோ ஜாடை காட்டுகிறாய்" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன யாத்ராக் கூத்து நடிகனா? மரமாக உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுமானால் திரை கட்டு."

இருட்டறையின் கறுப்புத் துணியைக் கழற்றி மேஜைக்கு நடுவே கட்டினோம். தாரக் துணிக்கு அந்தப் பக்கமிருந்து கோப்பையைத் தள்ளினான். முத்துசாமி இந்தப் பக்கம் உறிஞ்சினார். பாதி சரி, பாதி தப்பு. தாரக் துணிக்கு மேலே தலையை நீட்டி முத்துசாமியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மண்ணெண்ணெய்க் கோப்பையை ஊற்றும்போது அவன் மூக்கின் ஓரம் லேசாகச் சுருங்கியிருக்கவேண்டும். தினம் நாலைந்து தடவை டீ குடிக்கிற வங்காளிக்கு அந்த வாடை தாங்காது. சுருங்கியது அவனுக்கே தெரியாது.

அப்படியானால் என் முகத்தில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? எனக்கு உள்ளூரப் பெருமை. எங்கள் வீட்டில் சீட்டாடும்போது என் முகத்திலிருந்து யாரும் எதையும் படித்ததில்லை, பயிற்சி பெற்ற பரிசோதகன் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று தாரக்கிடம் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு கோப்பைகளை என் மூக்குக்குக் கீழே நீட்டினான்.

"எது கெட்டது?"

முகர்ந்தேன். இரண்டும் தேயிலை. மறுபடியும் முகர்ந்தேன். வெந்நீர் ஆவி, அவ்வளவுதான். தாரக் என் மடியில் துருத்திக்கொண்டிருந்த மூக்குப்பொடி மட்டையைச் சுட்டிக் காட்டினான். காலேஜில் படிக்கும்போதே தொற்றிய பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது.

"பிரமாதம்" என்றான். "மூக்குப் போனவனைச் சோதிக்க மூக்குப் போனவனை உட்கார வைத்திருக்கிறோம்."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தத்துவ வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பொடியை விடுகிறேன், மூக்கைத் திருப்பிக் கொண்டுவருகிறேன், அதற்குப் பிறகும் என் முகம் கல்லாகத்தான் இருக்கும் என்று சபதம் போட்டேன். பொடியை விட்டவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். தலைவலி, கொட்டாவி, வீட்டில் எல்லார்மேலும் எரிச்சல். பிறகு மெதுவாக வாசனை திரும்பியது. பவானிபூரில் இத்தனை மீன் வாசனை இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூக்கோடு போய் உட்கார்ந்தேன். மண்ணெண்ணெய் வாடை இப்போது ஊற்றும்போதே தெரிந்தது. முகத்தை இறுக்கிக்கொண்டேன். கண்ணைக்கூட அதிகம் சிமிட்டவில்லை. முத்துசாமி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

தாரக் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றுமில்லை என்றான். கையில் பார்த்தான், தோளில் பார்த்தான், அங்கேயும் இல்லை. எங்களுக்கு வெறி பிடித்துவிட்டது. மறுநாளும் பார்த்தான். பாதிச் சோதனையில் எழுந்து வந்து என் காதில், "கெட்ட கோப்பையை எடுக்கும்போது நீ மூச்சு விடுவதில்லை" என்றான்.

வாடை பிடிக்காத பண்டத்தைத் தூக்கும்போது யாரும் மூச்சை அடக்குவார்கள். அந்த அடக்கலை, அங்கவஸ்திரத்துக்கு அடியில் என் நெஞ்சு ஏறி இறங்காமல் நின்ற ஒரு கணத்தை, எதிரே உட்கார்ந்திருந்தவர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நுட்பமான கருவி ஜெர்மனியிலிருந்து வரவே வராது என்றுதான் தோன்றியது.

அன்று சாயங்காலம் முத்துசாமியும் நானும் ஒன்றாக வெளியே வந்தோம். கோல்திகிக் குளத்தைச் சுற்றிப் பையன்கள் நீச்சல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவரே ஆரம்பித்தார்.

"துணி கட்டுனப்பவே நெனச்சனுங்க. கண்டுபுடிச்சுட்டீங்களா சாமி?"

"என் மூச்சைப் பாக்கறேள்."

"ஆமாங்க. காச்சல் விட்ட அன்னைக்கே போயிருச்சுங்க. மல்லிப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். கம்பெனியில கோப்பை வெக்கற ஆளு ஒருத்தன் இருக்கறானுங்க. மூடியத் தொறக்கறப்ப அவன் மூஞ்சியப் பாத்துக்குவேன். அவன் மூக்குலதான் இத்தன நாளா பொழப்பு ஓடுச்சு. ரங்கூன் சரக்கு வந்தன்னைக்கு அவன் லீவுங்க."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்டங்க சொல்றது? நாக்கு இருக்குது, கண்ணு இருக்குது, எலையத் தொட்டுப் பாத்து எந்த மாசம் பறிச்சதுன்னு சொல்லிருவேன். ஆனா ருசி பாக்கறவனுக்கு மூக்கில்லைன்னா என்ன பேரு சாமி? எந்தக் கம்பெனிக்காரன் சேத்துக்குவான்?"

அவர் நின்றார்.

"நான் பொய் எழுதச் சொல்லலீங்க. தாரக் பாபு காலைல எடுத்தாருல்லங்க, அதெல்லாம் நெசந்தானுங்களே? ஒண்ணும் மாத்த வேண்டாம். அத மட்டும் குடுத்துருங்க. மிச்சத்தக் குடுக்காம வுட்டுருங்க."

"மிச்சத்தை எப்படி விடறது?"

"ரெண்டும் நீங்க எடுத்ததுதானுங்களே சாமி. எதக் குடுக்கறதுன்னு உங்க இஷ்டந்தானுங்க."

இதை நன்றாகக் கவனியுங்கள். யாரும் என்னிடம் பொய் கேட்கவில்லை. ஒரு எண்ணைக்கூட மாற்றச் சொல்லவில்லை. உண்மையான எண்களில் சிலதை மட்டும் எடுத்துக் கொடு என்றுதான் கேட்டார். உங்கள் வேலையில் உங்களைப் பொய் சொல்லச் சொல்லி யாரும் வரமாட்டார்கள். இப்படித்தான் வருவார்கள். பெரும்பாலும் கேட்கிறவர் நல்லவராக இருப்பார். உங்கள் மொழி பேசுவார், உங்கள் தெருவிலேயே குடியிருப்பார். முத்துசாமி என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் குடியிருந்தார்.

தாரக்கிடம் சொன்னேன். அவன் மனசு இளகிவிட்டது. "கோப்பை வைக்கிற ஆள் இருக்கும்வரை அவர் தப்புச் செய்யப்போவதில்லை. அப்புறம் நமக்கு என்ன?" என்றான். அந்த ஆளுக்கு ஜலதோஷம் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அந்த ஆள் பொடி போட ஆரம்பித்தால் என்ன செய்வது என்று அவனே கேட்டுக்கொண்டு பேச்சை விட்டுவிட்டான். ஆனாலும் முதலாளியிடம் நான் மட்டும்தான் போனேன். தாரக் வரவில்லை.

முதலாளியின் அறை கிளைவ் தெருப் பக்கம் இரண்டாம் மாடியில். முத்துசாமி சுவரோரம் நின்றிருந்தார். எடுத்த சோதனைகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிய தாளை மேஜைமேல் வைத்தேன். எந்த வரிசையில் யார் ஊற்றினார், எதில் திரை இருந்தது என்பதையும் எழுதியிருந்தேன். முதலாளிக்கு அதையெல்லாம் படிக்கப் பொறுமை இல்லை.

"எனக்கு ஒரே வார்த்தை போதும். இருக்கிறதா, இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண் முதல் வரிசையில் போய் நின்றது. தாரக் எடுத்த முதல் நாள் காலைச் சோதனை. அவர் முகம் மலர்ந்தது. அவருக்கும் முத்துசாமியை அனுப்ப இஷ்டமில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பின்னே என்ன? எல்லாம் சரியாகத்தானே சொல்லியிருக்கிறார். மாலையில் களைத்துப் போயிருப்பார். எனக்கே சாயங்காலம் ஆனால் கண் தெரிவதில்லை" என்று தாளை மடிக்க ஆரம்பித்தார்.

நான் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். தாளில் எல்லாம் இருக்கிறது, படிக்காதது அவர் பாடு. கும்பிடு போட்டு எழுந்து வந்திருக்கலாம். மூன்று பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்போம், அடுத்த சரக்கு கப்பல் ஏறும்வரை. அப்படியே செய்துவிடலாம் என்று ஒரு கணம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதே சமயம் அந்த முதல் வரிசை எதை அளந்தது என்று எனக்குத் தெரியும். அது தாரக்கின் மூக்கை அளந்தது. முத்துசாமி பெயருக்குக் கீழே தாரக்கின் மூக்கை எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு அந்த மேஜைக்குப் போய் உட்காருவது?

முத்துசாமி முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை. நான் மூச்சை இழுத்தேன் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்குள் அவர் சுவரைவிட்டு முன்னால் வந்தார்.

தெரிந்த வங்காளத்தில் நிறுத்தி நிறுத்தி அவரே சொன்னார். "பாபு, மூக்கு இல்லை. காய்ச்சலோடு போய்விட்டது. இவர் தாளில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்."

முதலாளி தாளைத் திரும்பப் பிரித்து மேஜைமேல் வைத்தார். வெகுநேரம் அதைப் படிப்பதுபோல் இருந்தார். பிறகு, "வீட்டில் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று முத்துசாமி சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அவரைக் கம்பெனியைவிட்டு அனுப்பவில்லை. ருசி பார்க்கிற மேஜையிலிருந்து எடுத்துக் கிதிர்ப்பூர்க் குடோனில் போட்டார்கள். இலையைக் கையில் எடுத்துப் பார்த்து ரகம் பிரிக்கிற வேலை. கண்ணும் விரலும் போதும். ஆனால் சம்பளம் இறங்கியது, கோட்டும் தலைப்பாகையுமாக மேஜையருகே நின்ற கௌரவம் போனது. முத்துசாமி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். டிராமில் என்னைப் பார்த்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். எனக்கு அது வலித்தது. நான் சரியாகத்தான் நடந்தேன் என்று தெரிந்தும் வலித்தது. சரியாக நடந்தால் மனசு லேசாகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புரொபஸர் டார்ஜிலிங்கிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று நின்றோம். அவர் கறுப்புத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது இனிமேல் இருட்டறைக்குப் போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் கோப்பையை ஊற்றுகிறவனுக்கு எதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தவன் அறைக்கு வெளியே நிற்பான். நீங்கள் அலுத்துக்கொண்டே கடைப்பிடிக்கிற அந்த விதி இப்படித்தான் வந்தது.

துர்கா பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலைவேளை, முத்துசாமி வீட்டு வழியாக நடந்துகொண்டிருந்தேன். தெருவெல்லாம் பந்தல் மூங்கில் இறக்கியிருந்தார்கள். அவர் மனைவி வாசலில் நின்று, "சாமி, ஒரு நிமிசம்" என்றார். அந்த அம்மாளோடு நான் அதற்கு முன் பேசியதில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"மூக்கு போனத நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமா?"

"ஆமாம்மா."

"நான் ஒரே வூட்ல இருக்கறேன். எனக்குத் தெரியலீங்களே." கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வியந்துபோய்ச் சொன்னார். "அன்னைக்கு ஆபீசுல இருந்து வந்து சொன்னாருங்க. கொழம்பு தீஞ்சிருக்குதா, மோரு புளிச்சிருக்குதான்னு ஒண்ணும் தெரியாதாமா. பரிமாறறப்ப என் மூஞ்சியப் பாத்துத்தான் நல்லாயிருக்குதுன்னு சொல்லுவாராமா."

நான் தலையாட்டினேன்.

"கலியாணமாயி இத்தன வருசத்துல சாப்புடறப்ப அவரு எலைய வுட்டு நிமுந்ததே இல்லீங்க சாமி. காச்சலுக்கப்பறம் ஒவ்வொரு வாய்க்கும் என்னையப் பாத்தாரு. நான் வேற என்னமோன்னு நெனச்சுக்கிட்டு சந்தோசமா இருந்தனுங்க."

அந்தச் சந்தோஷத்தையும் நான்தான் பிடுங்கிவிட்டேன் போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்கவிடவில்லை.

"அது போகட்டுங்க. நான் கூப்புட்டது வேற ஒண்ணு கேக்கறதுக்கு. இப்பத்தான் எல்லாஞ் சொல்லியாச்சே. தீஞ்சிருந்தா தீஞ்சிருக்குதுன்னு நானே சொல்லிப்போடறேன். அப்பறமும் பாக்கறாருங்க. இன்னைக்குக் காலைலகூட பாத்தாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது எதுக்குங்க சாமி? நீங்கதான் இதெல்லாம் அளக்கறவங்களாச்சே."

உள்ளே முத்துசாமி குடோனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

"அவரைத்தாம்மா கேக்கணும்" என்றேன்.